ஒன்பதாம் பிரிவும் மூன்று நாள் பத்தியமும்

ஒப்புதல் படிவத்தின் ஒன்பதாம் பிரிவு இப்படிச் சொல்கிறது: "ஆய்வில் பங்கேற்பவரின் உடல்நலம் தொடர்பாக ஏதேனும் தெரியவந்தால், அதை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பங்கேற்பவர் எழுதிக் கேட்டால் முப்பது நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும்."

வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவன் நான். முப்பது நாள் என்று ஒரு படிவத்தில் போடுகிறவன், அதை யாரும் படிக்கப்போவதில்லை என்ற நம்பிக்கையில்தான் போடுகிறான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நாங்கள் இருபத்தொன்பதாம் நாள், "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு அஞ்சலட்டையாவது போடுவோம். அதில் உண்மை இருக்காது, மரியாதை இருக்கும். இந்த மருத்துவமனையிலிருந்து அதுகூட வரவில்லை.

அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் என் மனைவி. போட்ட நாள், அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த நாள்.

சுண்டுவிரலில் செருப்புக் கடித்த புண். பத்து நாளில் கறுத்தது. எங்கள் பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பெரிய மருத்துவமனை ஒன்றில் காட்டினோம். பெயர் எழுதப்போவதில்லை. எழுதினால் அவர்கள் வழக்குப் போடுவார்கள். அதற்கு மட்டும் முப்பது நாள் தேவைப்படாது. காலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் உள்ளுக்குள் அடைத்துப்போய்விட்டன, கணுக்காலைத் தாண்டி ரத்தம் இறங்கவில்லை என்றார்கள். எடுப்பதைத் தவிர வழியில்லை.

அறுவை நடந்த காலையில், கையில் தாளோடு ஒரு பெண் வந்தாள். ஆழ்வார்திருநகரிக்காரி, அதே மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்பவள்.

"அம்மா, எடுக்கப்போற கால்ல இருந்து ரத்தக் குழாய் ஒரு துண்டு எங்களுக்கு வேணும். நீங்க சம்மதிச்சாத்தான்."

"காலையே முழுசா எடுத்துட்டுப் போறிய. துண்டுக்கு மட்டும் தனியாக் கையெழுத்தா?" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு இடம் நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் அவளைப் பிடித்துப்போனது.

அவள்தான் விளக்கினாள். குழாயின் உட்சுவரில் ஒரு வரிசை உயிரணுக்கள் தரையில் ஓடு பதித்தாற்போல் நெருங்கிப் படிந்திருக்கும். ரத்தம் தடையில்லாமல் வழுக்கி ஓடுவது அவற்றின் தயவில். சர்க்கரை அதிகமாக இருக்கும்போது அந்த உயிரணுக்களுக்குள் இருக்கும் மரபணுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கிறார்கள்.

"மரபணுங்கறது பொறக்கையிலேயே வந்ததுலா? அத எப்படிச் சர்க்கரை மாத்தும்?"

"மரபணு மாறாதும்மா. எது வேலை செய்யணும், எது சும்மா கிடக்கணும்ங்கறதுதான் மாறுது. அதுக்கு மேல சின்னச் சின்னதா அடையாளம் ஒட்டிக்கிடுது. சில நேரம் சர்க்கரை குறைஞ்ச பெறகும் அந்த அடையாளம் போக மாட்டேங்குது. அது ஏன்னுதான் நாங்க பாக்குதோம்."

எனக்கு உடனே புரிந்தது. விதிப் புத்தகம் எல்லா அலுவலகத்திலும் ஒன்றுதான். ஆனால் எந்த அலுவலகத்தில் எந்த விதி நடக்கிறது என்பது, முன்பு இருந்த அதிகாரி எந்தப் பக்கத்தில் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார் என்பதைப் பொறுத்தது. அவர் மாற்றலாகிப் போன பிறகும் சீட்டு அங்கேயேதான் இருக்கும். புதிதாக வருகிறவரும் அதே பக்கத்தைத்தான் திறப்பார்.

நோய் வரலாறு எழுதும் பக்கங்களை நானே நிரப்பினேன். மற்றவர் எழுத்து எனக்குப் பிடிக்காது. நோய் கண்ட முதல் பதினோரு வருடத்து வெறும் வயிற்றுச் சர்க்கரைச் சீட்டுகள், அதற்குப் பிந்தைய ஏழு வருடத்து மூன்று மாதச் சராசரி அறிக்கைகள், அத்தனையையும் வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்தேன். தேதி வாரியாக அடுக்கி, மூலையில் துளையிட்டு, நாடா கட்டி, மேலே ஓர் அட்டவணையும் வைத்தேன். "நோய் கண்ட நாள் முதல் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்ததா?" என்று ஒரு கேள்வி. "ஆம். இணைப்பு காண்க" என்று எழுதினேன். என் பணிக்காலத்தில் இவ்வளவு சுத்தமாக நான் எந்தக் கோப்பையும் கட்டியதில்லை.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்த சிகிச்சைச் சுருக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது: நோயாளி உணவுக் கட்டுப்பாட்டைப் பின்பற்றவில்லை.

அதை எழுதிய இளம் டாக்டரைத் தேடிப் பிடித்தேன். சென்னைப் பக்கத்துப் பையன்.

"எதை வைத்து எழுதினீர்கள்?"

"கால் போயிருக்கு சார். சுகர் கண்ட்ரோல்ல இருந்தா ஏன் போகப்போவுது?"

"ஏழு வருடமாகச் சராசரி ஒழுங்காக இருக்கிறது. அறிக்கை எல்லாம் உங்களிடமே இருக்கிறது."

"சார், வீட்ல அவங்க என்ன சாப்பிடுறாங்கன்னு இருபத்தி நாலு மணி நேரமும் கூடவே இருந்து பாத்தீங்களா?"

நான் ஓய்வு பெற்றவன். இருபத்து நான்கு மணி நேரமும் கூடவேதான் இருக்கிறேன். சொன்னேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எனக்கு அடுத்து அந்த வரியை வாசித்தவள் என் தங்கை. தச்சநல்லூரில் இருக்கிறாள், பள்ளிக்கூடத்து ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், ஆங்கிலத்தில் எது கிடைத்தாலும் சத்தமாகப் படிப்பாள். படித்துவிட்டு என் மனைவியின் கட்டிலில் உட்கார்ந்து குரலை இறக்கினாள்.

"மைனி, கேக்கேன்னு கோவிச்சுக்கிடாதிய. ஒளிச்சு வச்சுத் தின்னியளா? என்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"என்கிட்ட மட்டும்" என்பது ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் ஆலயத்துப் பெண்கள் சங்கம் முழுவதும் ஆகிவிட்டது. விசாரிக்க வந்தவர்கள் ஜெபம் செய்தார்கள். அவளுக்குச் சாப்பாட்டில் வாயடக்கம் வரவேண்டும் என்றும் செய்தார்கள். போகிற போக்கில் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை. ஒரு பெண்மணி அலமாரியைத் திறந்து, "டம்ளர் எங்க இருக்கு?" என்றாள். டம்ளர் அவள் கையிலேயே இருந்தது.

ஏழு வருடம். கிறிஸ்துமஸ் கேக்கை வெட்டி, தட்டில் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, விரலில் ஒட்டியதைக்கூடத் துணியில் துடைத்தவள். அவள் விரலை நக்கியதில்லை என்பதற்கு நான் சாட்சி. என் சாட்சி செல்லாது, நான் கணவன்.

"காலு போனது போகட்டும்," என்றாள் ஒருநாள். "இந்த வயசுல களவாணிப் பட்டம் வாங்கிக்கிட்டுக் குழிக்குள்ள போவணுமா நான்?"

ஆலயத்துக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். சக்கர நாற்காலி வாங்கியாயிற்று, ஆலயத்தில் சாய்தளமும் உண்டு. அவள் போகவில்லை. யார் வந்தாலும் எதிரில் ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டாள், சர்க்கரை போடாத காப்பியாக இருந்தாலும். குடித்தால் பார்ப்பார்கள் என்றாள்.

பிறகு அவளே சொன்னாள்: "அந்த ஆழ்வார்திருநகரிப் பிள்ளை குழாய்க்குள்ள பாக்கேன்னுச்சுலா? உள்ள பாத்தவளுக்குத் தெரியும், நான் தின்னேனா இல்லையான்னு. எழுதிக் கேளுங்க."

எழுதினேன். பொருள், பார்வை, கோரிக்கை என்று மூன்று தலைப்பில். ஒன்பதாம் பிரிவை அப்படியே எடுத்துப் போட்டு, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. முப்பது நாள் கழிந்தது. நினைவூட்டு ஒன்று. இன்னொரு முப்பது நாள். நினைவூட்டு இரண்டு. நேரில் போனேன். ஆய்வு ஒப்புதல்களைக் கவனிக்கும் பிரிவில் ஓர் எழுத்தர் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, ஃபைல் மேல போயிருக்கு."

"மேலேன்னா எத்தனாவது மாடி?"

"மாடி இல்ல அண்ணாச்சி, மேல."

"யார்கிட்ட? பதவி என்ன? எந்தத் தேதியில் போச்சு?"

"இப்படிக் கேட்டா எப்படி அண்ணாச்சி? பைய வரும். நீங்களும் ஆபீஸ்ல இருந்தவியதான?"

இருந்தவன்தான். இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே பதிலை நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வந்தது. கோப்பு மேலே போனதற்கான அனுப்புகை எண் கேட்டேன். எழுதிவைக்கும் பழக்கம் இல்லை என்றார். முப்பத்து நான்கு வருடத்தில் நான் எத்தனையோ மறைத்திருக்கிறேன், அனுப்புகை எண்ணை மறைத்ததில்லை.

அதற்குள் அசனம் வந்தது. எங்கள் சபையில் வருடத்துக்கு ஒருநாள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வேகும். பணக்காரன் ஏழை என்று பந்தி பிரிக்க மாட்டார்கள். வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே தூக்குச் சட்டியில் வந்துவிடும். அன்று எங்கள் வீட்டுக்கும் சங்கத்துப் பெண்கள் இருவர் வந்தார்கள். இரண்டு சட்டி. ஒன்று கழுத்துவரை சோறும் கறியும். மற்றதில் ஒரு கைப்பிடிச் சோறு, மேலே கொஞ்சம் ரசம்.

"இது சாருக்கு. இது அம்மாவுக்கு. சங்கத்துல பேசி முடிவு பண்ணி, தனியா எடுத்து வச்சோம்."

தனியா. எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவதற்காகவே ஏற்பட்ட ஒரு நாளில், பேசி முடிவு செய்து, தனியா. என் மனைவி நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். அவர்கள் போன பிறகு இரண்டு சட்டியையும் மூடியபடியே மேசையில் வைத்தாள். அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை முதல் பேருந்தைப் பிடித்தேன். பாலத்தைக் கடக்கும்போது ஆற்றில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்று கேட்டால் தெரியாது. வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று மனத்துக்குள் பத்தி பிரித்துக்கொண்டே போனேன். எழுத்தரிடம் போகவில்லை. நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய், கதவைத் திறந்து, அந்தப் பெண்ணிடம் அத்தனையையும் கொட்டினேன். ஒரு மனுஷியின் மானம் உங்கள் குளிர்பெட்டிக்குள் கிடக்கிறது என்றேன். கொஞ்சம் அதிகம்தான்.

நான் முடித்ததும் அவள் நாற்காலியைத் தள்ளிப் போட்டாள்.

"உக்காருங்க சார். பதில் எழுதி மூணு மாசமாச்சு. ஆய்வை மேற்பார்க்கிற குழு நிறுத்தி வச்சிருக்கு."

"ஏன்?"

"துண்டு மாறிப்போச்சோன்னு சந்தேகம்."

என் மனைவியின் குழாயிலிருந்து எடுத்த உயிரணுக்களைத் தட்டில் வளர்த்திருக்கிறார்கள். சாதாரண அளவுச் சர்க்கரையில்தான். பல நாள் ஆன பிறகும் அவை நிறையச் சர்க்கரைக்குள் கிடப்பதைப் போலவே நடந்துகொண்டனவாம். வீக்கத்தைக் கூப்பிடுகிற மரபணுக்கள் விழித்தபடியே இருந்தன. குழாயைக் காக்க வேண்டியவை அடங்கிக் கிடந்தன. மேலே ஒட்டியிருந்த அடையாளங்களும் அதற்குத் தகுந்தாற்போல.

"பல வருசம் சர்க்கரை கூடுதலா இருந்த ஆளுகளுக்குத்தான் நாங்க இப்படிப் பாத்திருக்கோம் சார். பெறகு எவ்வளவு கட்டுப்பாடா இருந்தாலும் பழசு லேசுல போவாது. ஆனா அம்மாவுக்கு மொதல் நாள்ல இருந்தே சர்க்கரை நல்லா இருந்திருக்கு. பதினோரு வருசத்துச் சீட்டு இருக்கு. இவ்வளவு ஒழுங்கா யாரும் எங்களுக்குத் தந்ததில்ல. அதான் குழு கேக்கு, இது வேற யாருடைய துண்டோன்னு."

அவள் கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். என் நாடா. என் அட்டவணை. "ஆம். இணைப்பு காண்க."

அந்தச் சீட்டுகளின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் முதல் டாக்டர் பாளையங்கோட்டையிலேயே இருந்தார். நல்லவர், திட்டுவார். உள்ளே திட்டினால் வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கும். முதல் முறை வாங்கிய திட்டில் என் மனைவி அழுதுகொண்டே வந்தாள். அடுத்த பரிசோதனை சனிக்கிழமை என்றால் புதன்கிழமையே ஆரம்பித்துவிடலாம் என்று யோசனை சொன்னது நான்தான். மூன்று நாள் சோறு கிடையாது. மூன்று நாள் இனிப்பில்லாத காப்பி. சாயங்காலம் மைதானத்தை ஐந்து சுற்று. சனிக்கிழமை சீட்டு அழகாக வரும். டாக்டர் மெச்சுவார், மாத்திரையைப் பாதியாகக் குறைப்பார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வழக்கம்போல் சோறு, பலாச்சுளை, எல்லாம். சீட்டை நான் கோப்பில் சேர்ப்பேன்.

எனக்கு இது தவறாகவே படவில்லை. ஜமாபந்தி என்கிற வருடாந்திரக் கணக்குத் தணிக்கை வருகிறதென்றால், முந்தின வாரம் எங்கள் அலுவலகம் முழுவதும் அதைத்தான் செய்யும். வருடம் முழுக்கக் கிடந்த பதிவேடுகள் ஒரே வாரத்தில் நிறைவேறும். மைகூட ஒரே நிறமாக இருக்கும். அதிகாரி பார்த்து, கையெழுத்துப் போட்டு, சாப்பிட்டுவிட்டுப் போவார். ஊர்க் கணக்கு அப்படியே இருக்கும். அதை நான் என் மனைவியின் உடம்பிலும் செய்தேன், பதினோரு வருடம். புதிய டாக்டர் ஒருவர் வந்து மூன்று மாதச் சராசரி எடுத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அந்த முதல் அறிக்கை அவரிடமே தங்கிவிட்டது, என் கோப்புக்கு வரவில்லை. அன்று அவள் வாயைக் கட்டினாள். கட்டியது கட்டியதுதான்.

பழைய சீட்டுகளை நான் கிழித்துப் போட்டிருக்கலாம். செய்யவில்லை. கோப்பு அவ்வளவு அழகாக இருந்தது.

அவள் திருடி என்று யார் சொன்னார்கள் என ஊர் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தேன். டாக்டர், தங்கை, சங்கம். அவளுக்காகச் சாட்சி சொல்ல இருந்தது அவளுடைய ரத்தக் குழாய் ஒன்றுதான். அந்தச் சாட்சியைப் பொய் என்று நிறுத்திவைத்திருந்தது நான் எழுதிய "ஆம்".

"துண்டு மாறவில்லை," என்றேன் அந்தப் பெண்ணிடம்.

நான் சொன்னேன். மூன்று நாள் பத்தியம் என்றதும் அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"எங்க அப்பாவும் ரெண்டு நாள் செய்வாவ," என்றாள். "எழுதிக் குடுங்க சார்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கட்டிலில் சாய்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"அப்பவே கேட்டேன்லா நான்? டாக்டரை ஏமாத்தி என்ன ஆவப்போவுதுன்னு. என்ன சொன்னிய?"

நான் நறுக்கிய காயைத் தட்டில் ஒதுக்கப் போனேன்.

"நான் சொல்லுதேன். 'உனக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாது'ன்னிய."

சொன்னேன்தான்.

"அவர் திட்டிருந்தா மாத்திரையாவது கூட்டிக் குடுத்திருப்பாரு." மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். நிமிராமலே, "எழுதிக் குடுத்தாச்சா?"

"இன்னும் இல்லை."

"எழுதுங்க. 'நாங்கள்'னு எழுதாதிய. உங்க பேருல எழுதுங்க."

என் வாழ்க்கையில் ஆயிரக்கணக்கான குறிப்புகள் எழுதியிருக்கிறேன். எல்லாம் "கருதப்படுகிறது", "அறியப்படுகிறது" என்றுதான். செய்தவன் யாரென்று தெரியாமல் எழுதுவது எங்கள் தொழில். அந்த ஒரு பக்கத்தை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. முதல் மூன்று வரைவிலும் நான் இல்லை. நான்காவதில் இருந்தேன்: முதல் பதினோரு வருடத்து முடிவுகள் என் யோசனையின்பேரில் மூன்று நாள் பத்தியம் இருந்து பெறப்பட்டவை. அவை உண்மை நிலையைக் காட்டுபவை அல்ல. படிவத்தில் "ஆம்" என்று எழுதியது நான். என் மனைவி அதைப் படிக்கவில்லை.

நேரில் கொடுத்தேன். எழுத்தர் வாங்கிப் படித்தார்.

"எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம் எழுத்துல?"

"முத்திரை போடும் வே," என்றேன். போட்டார். அதன் பிறகும் பதில் வர ஏழு வாரம் பிடித்தது. உண்மையைச் சொல்லிவிட்டதால் அவர்களுடைய முப்பது நாள் மேல் எனக்கு இருந்த உரிமை குறைந்துவிடவில்லை. எனவே மூன்றாவது நினைவூட்டையும் அனுப்பினேன்.

வந்த பதில் ஒன்றரைப் பக்கம், தமிழில். அந்தப் பெண் எழுதியது என்பது நடையிலேயே தெரிந்தது. ஒரே ஒரு துண்டை வைத்து ஒருவருடைய நோய்க்கு இதுதான் காரணம் என்று அறுதியிட முடியாது என்று முதலில் சொல்லியிருந்தாள். பிறகு: தொடக்க காலத்தில் சர்க்கரை அதிகமாக இருந்திருந்தால், பின்னாளில் நீண்ட காலம் கட்டுப்பாட்டில் இருந்தாலும், ரத்தக் குழாய் உயிரணுக்களில் மரபணுக்களின் செயல்பாடு பழைய நிலையிலேயே தொடரக்கூடும். ஆகவே காலை இழந்ததை மட்டும் வைத்து, அம்மா அண்மைக் காலத்தில் உணவுக் கட்டுப்பாட்டை மீறினார் என்று கொள்ள முடியாது. சிகிச்சைச் சுருக்கத்திலிருந்து அந்த வரி நீக்கப்பட்டது. திருத்திய நகல் இணைக்கப்பட்டுள்ளது. இடது காலின் ரத்த ஓட்டத்தைத் தவறாமல் பரிசோதித்து வரவும்.

கடைசி வரிக்கு முந்தைய வரி: "இம்முடிவு, கணவர் அளித்த திருத்த வாக்குமூலத்தையும் கருத்தில் கொண்டு எடுக்கப்பட்டது."

என்னைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இன்னொரு தடவை என்றாள். இரண்டாம் தடவை அந்தக் கணவர் வரியில் குரலை இறக்கினேன். "சத்தமா," என்றாள்.

பிறகு, "ரெண்டு நகல் எடுங்க. ஒண்ணு தச்சநல்லூருக்கு. ஒண்ணு சங்கத்துக்கு. உங்க கடுதாசியையும் சேத்து எடுங்க."

"அது எதுக்கு?"

"இணைப்பு இல்லாம அனுப்புனா செல்லாதுன்னு நீங்கதான சொல்லுவிய?"

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன், பழைய பழக்கம். பதிலின் இடது ஓரத்தில், மேலே, சிவப்பு மையில் எழுதினேன்: பெறப்பட்டது, ஆகஸ்ட் பதினான்கு, வியாழக்கிழமை, முற்பகல்.